கடை வாசலில் ஒரு சிவப்பு வட்டம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் அங்கே குளிரிலும் வேலையிலும் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் அவரவர் காலில் நிற்கிறோம், வேளைக்குச் சாப்பிடுகிறோம், அந்த அளவில் நலம். அதற்கு மேல் நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பதறாதே, யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் விஷயம் அம்மாவைப் பற்றியது, உன்னையும் பற்றியது. போனை எடுத்து அவளைக் கூப்பிடுவதற்கு முன்னால் கடைசி வரி வரை படித்துவிடு. போனிலேயே சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பாய். போனில் சொன்னால் அவள் பக்கத்தில் நின்றுகொண்டு 'ஒண்ணுமில்லடி, உங்கப்பா எதையும் பெரிசு பண்ணுவார், உனக்குத் தெரியாதா' என்று என் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வாள், நீயும் சரிதான் என்று போய்ப் படுத்துவிடுவாய். இந்தத் தடவை நீ அப்படிப் போய்ப் படுக்கக் கூடாது.

போன மாதம் தெருக் கேமரா விஷயத்தில் நீயும் நானும் முட்டிக்கொண்டோமே, அங்கிருந்து சொல்கிறேன். நம் தெரு விளக்குக் கம்பங்களில் கேமராக்களை மாட்டினார்கள். விபத்து நடந்த இடத்தை எண்ணுவது பழைய முறையாம், நடக்க இருந்து மயிரிழையில் தப்பிய இடத்தை எண்ணுவதுதான் புது முறையாம். எந்த வண்டி எவ்வளவு வேகத்தில் வந்தது, எந்த ஆளுக்கு எவ்வளவு பக்கத்தில் வந்து பிரேக் போட்டது என்று அந்த மிஷின் தானாகவே பார்த்துத் தானாகவே கற்றுக்கொள்ளுமாம். பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டுக் கூப்பிட்டார்கள், போனோம். போக்குவரத்து இலாகாவிலிருந்து ஒரு பொண்ணு வந்திருந்தது, உன் வயசு இருக்கும், என்ஜினீயர், தெருவில் எல்லாரும் கேமராப் பொண்ணு என்றுதான் சொல்கிறோம். சுவரில் ஊர் வரைபடத்தைக் காட்டியது. எங்கும் பச்சை, அங்கங்கே மஞ்சள், ஒரே ஓர் இடத்தில் மட்டும் பெரிய சிவப்பு வட்டம். அது எங்கே தெரியுமா, நம் மூக்குக் கண்ணாடிக் கடை வாசல். இந்தப் பக்கம் பேக்கரி, அந்தப் பக்கம் சாவிக் கடை, எதிரே நம் வீட்டுப் பச்சைக் கதவு, நடுவில் ஊரிலேயே ஆபத்தான இடமாம். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

அதற்கு அவர்கள் வைத்திருந்த வைத்தியம் இன்னும் மோசம். தெரு நடுவே நீளமாகத் தடுப்புக் கம்பி போடுவார்களாம், கடக்க வேண்டுமென்றால் தெருமுனைக்குப் போய் அங்கே வைக்கும் சிக்னலில்தான் கடக்க வேண்டுமாம். அந்தச் சிக்னலையும் மிஷினே பார்த்துக்கொள்ளுமாம், மெதுவாக நடக்கிற ஆள் வந்தால் அவர் அந்தப் பக்கம் ஏறும் வரை வண்டிகளைப் பிடித்து வைக்குமாம். எல்லாம் சரி, என் பிழைப்பு என்ன ஆவது? கண்ணாடிக் கடைக்கு வருகிறவன் பாதிப் பேர் கழன்ற திருகை முடுக்கிக்கொண்டு போக வருகிறவன். ஒரு திருகுக்காகத் தெருமுனை வரை போய்ச் சுற்றிக்கொண்டா வருவான்? எழுந்தேன். 'நான் கடை திறந்த நாள்லேர்ந்து இந்த வாசல்ல ஒருத்தருக்கு ஒரு சிராய்ப்பு கிடையாது. இங்கேயே உட்கார்ந்திருக்கிற எங்க கண்ணுக்குத் தெரியாதது உங்க மிஷினுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?' என்று கேட்டேன். ஹாலே கைதட்டியது. பேக்கரி வாசலில் நிற்குமே அட்டையில் வெட்டிய சமையல்காரர் பொம்மை, அதையும் உங்கள் மிஷின் ஓர் ஆள் என்று எண்ணி, இவர் ரோட்டைக் கடக்க வெகுநேரமாகக் காத்திருக்கிறார் என்று சொன்னதாமே, வேண்டுமானால் உங்கள் மிஷினுக்கு ஒரு கண்ணாடி மாட்டிவிடட்டுமா, நம்ம தெருவுக்கு வந்திருக்கு, தள்ளுபடியில் போட்டுத் தருகிறேன் என்றேன். சிரிப்பில் கூரையே பறந்தது. அந்தப் பொண்ணு மட்டும் 'விபத்து நடக்கலைங்கறதும் ஆபத்து இல்லைங்கறதும் ஒண்ணு இல்லை சார்' என்று என்னவோ சொல்லிக்கொண்டிருந்தது, யார் காதில் விழுந்தது? அம்மா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை. என் பேச்சுக்கு அவள் எந்தக் காலத்தில் சிரித்தாள் என்று நானும் கண்டுகொள்ளவில்லை.

அன்று ராத்திரிதான் நீ கூப்பிட்டாய். 'அந்தப் பொண்ணு சொல்றதைக் கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்கப்பா' என்றாய். நீ உன் அப்பன் பக்கமா மிஷின் பக்கமா என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். மறுநாளே கடை கடையாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினேன், அதிகாரி தலையில் கொண்டுபோய்க் கொட்டினேன், அவரும் சரி, தடுப்பும் வேண்டாம் தெருமுனைச் சிக்னலும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஜெயித்துவிட்டேன். பேக்கரிக்காரர் கடையிலேயே பெரிய கேக்காகப் பார்த்து வெட்டினார். திட்டத்தின் மிச்சத்தை மட்டும் நாங்கள் யாரும் சட்டை செய்யவில்லை. மெயின் ரோட்டுச் சிக்னல்களை ஒன்றாம் தேதியிலிருந்து மிஷினே இயக்கும், அங்கே நெரிசல் முற்றினால் வண்டிகளை நம் தெரு வழியாகத் திருப்பிவிடும் என்று அதில் இருந்தது. வரட்டுமே, நாலு புது வண்டி வந்தால் நாலு புது முகம் கடைக்குள் ஏறும் என்று பேக்கரிக்காரர் சொன்னார், நானும் ஆமாம் போட்டேன்.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம் அந்தக் கேமராப் பொண்ணு தனியாகக் கடைக்கு வந்தது. சண்டைக்கு வந்திருக்கிறது என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அது உட்காரக்கூட இல்லை. 'சார், தடுப்பு விஷயம் முடிஞ்சு போச்சு, அதுக்கு வரல. ஒரு ஆளைப் பத்திக் கேக்கணும், உங்களுக்குத் தெரிஞ்சவங்களா இருக்கலாம்' என்று கையிலிருந்த டேப்லெட்டை என் மேஜைமேல் வைத்தது. மிஷின் யார் முகத்தையும் வைத்துக்கொள்ளாதாம், எல்லா மனிதர்களும் வெறும் சாம்பல் நிற உருவமாகத்தான் தெரிவார்கள், தலை, கை, கால், அவ்வளவுதான். வண்டிகள் பெட்டி பெட்டியாகப் போகின்றன, அந்த உருவம் தெருவில் இறங்குகிறது, வலப்பக்கம் பார்க்கிறது, பாதித் தெருவைச் சரியாகக் கடக்கிறது, நடுவுக்கு வந்ததும் இடது கையை மட்டும் இப்படி நீட்டிக் காட்டிக்கொண்டு நேராக நடக்கிறது. இடப்பக்கமிருந்து ஒரு பெட்டி வருகிறது, உருவத்துக்குப் பக்கத்தில் வந்து குலுங்கி நிற்கிறது. உருவம் திரும்பவே இல்லை. அடுத்த படம், வேறு நாள், வேறு வண்டி, அதே நடை, அதே கை. அதற்கு அடுத்ததும் அதேதான். 'இதைப் பாருங்க சார், இவ்வளவு கிட்ட வந்து ஒரு வண்டி பிரேக் அடிச்சா யாரா இருந்தாலும் தூக்கி வாரிப் போடும். இவங்க ஒரு தடவைகூடத் திடுக்கிடல. வலப்பக்கம் வந்தா ஒதுங்கறாங்க, இடப்பக்கம் வந்தா வண்டியே இல்லாத மாதிரி நடக்கறாங்க. மிஷின்தான் இதையெல்லாம் ஒண்ணாச் சேர்த்து ஒரே ஆள்னு காட்டுது. அந்தச் சிவப்பு வட்டத்துல பாதிக்கு மேல இந்த ஒருத்தர்தான். காது கேக்காதவங்களோன்னு நினைச்சேன். எப்பவும் எதிர்ப்பக்கமிருந்து வந்து உங்க கடைப் படியிலதான் ஏறறாங்க. யாருன்னு தெரியுமா?' என்று கேட்டது.

அம்மாடி, முகம் எதற்கு எனக்கு? அந்தச் சாம்பல் உருவத்தின் வலது முழங்கையில் ஒரு கூடை தொங்கியது. படியேறும்போது உருவம் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு ஒரு மூச்சு வாங்கியது. இத்தனை வருஷம் கூடவே வாழ்ந்தவனுக்கு அந்த மூச்சு தெரியாதா? கடைக்கு நூறு பேர் வருவார்கள், யார் என்று எப்படிச் சொல்வது என்று மென்று முழுங்கினேன். அந்தப் பொண்ணு என்னையே பார்த்தது. அந்த நேரம் பார்த்து எதிரே பச்சைக் கதவு திறந்தது.

கூடையோடு அம்மா வெளியே வந்தாள். தினமும் நடப்பதுதான், தினமும் அந்த நேரத்தில் நான் எவனுக்காவது கண்ணாடிக் காதை வளைத்துக்கொண்டு குனிந்திருப்பேன், சாப்பாடு மேஜைக்கு வந்த பிறகுதான் தலை நிமிர்வேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவள் தெருவில் இறங்குவதைப் பார்த்தேன். வலப்பக்கம் பார்த்தாள். இறங்கினாள். நடுத்தெரு வரை வந்தாள். இடப்பக்கம் ஐஸ் வண்டி வேகமாக வந்துகொண்டிருந்தது. கத்த வாயைத் திறந்தேன், கத்தினால் நடுத்தெருவில் அப்படியே நின்றுவிடுவாளே என்று வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பொண்ணு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அம்மா இடது கையை நீட்டினாள், மகாராணி மாதிரி நடந்தாள், ஐஸ் வண்டி தேய்த்துக்கொண்டு வந்து அவள் புடவை நுனிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. டிரைவர் ஜன்னல் வழியே தலையை வெளியே நீட்டிச் சிரித்துவிட்டு அவள் ஏறும் வரை காத்திருந்தான். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவள் பாட்டுக்கு உள்ளே வந்து, கூடையை மேஜையில் வைத்து, 'என்ன, ரெண்டு பேரும் பேயைப் பார்த்த மாதிரி நிக்கறீங்க? பாப்பா, நீயும் ஒரு வாய் சாப்பிட்டுப் போ' என்றாள். அந்தப் பொண்ணு ஒன்றும் பேசாமல் டேப்லெட்டைத் திருப்பி வைத்துவிட்டது. அந்த நாகரிகத்தை நான் மறக்க மாட்டேன்.

அந்தப் பொண்ணு போன பிறகு அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னேன். என்ன திடீர் அக்கறை என்று நக்கல் வேறு. கடைசி வரி வரை படித்தாள். அடுத்த கண், அதுவும் கடைசி வரி. தினமும் துடைக்கிற பலகை, மனப்பாடமாக இருக்குமோ என்று வேறு பலகையை மாட்டினேன், அதையும் கடகடவென்று படித்தாள். பார்த்தாயா, மிஷின் பொய் சொல்கிறது என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வருஷா வருஷம் அவளுக்கு இப்படித்தான் நானே கண் பார்ப்பேன், வருஷா வருஷம் கடைசி வரியைப் படிப்பாள், உன் கண்ணுக்கு நூறு வயசு கியாரண்டி என்பேன். ஆனாலும் மனசு அடங்கவில்லை. சாயங்காலம் வீட்டில் சமையலறையில் அவளை என் மூக்கையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னேன். வலப்பக்கமிருந்து விரலை ஆட்டிக்கொண்டு வந்தேன், உடனே 'தெரியுது' என்றாள். இடப்பக்கமிருந்து கொண்டுவந்தேன். காதுப் பக்கம் வந்தது, பேசவில்லை. கன்னத்துக்கு நேரே வந்தது, பேசவில்லை. அவள் மூக்குக்கு முன்னால் விரல் வந்த பிறகுதான் 'ம், இப்போ' என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது.

அவளுக்கு முன்னாலேயே தெரியுமடி. எத்தனை நாளாக என்று கேட்டால் 'கணக்கா வச்சேன்' என்கிறாள். இடது தோளில் கதவு நிலையில் இடித்துக் கன்றிப்போன அடையாளங்கள் இருந்தன, அதற்காகத்தான் முழுக்கைச் சட்டை. சமையலறையில் உப்பு, சர்க்கரை, டம்ளர் எல்லாம் வலப்பக்கத்துக்கு வந்திருந்தன, நான் பெண்டாட்டி சமையலறையை அழகு பண்ணுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சேர்ந்து நடக்கும்போது என்னை எப்போதும் தன் இடப்பக்கமே வரச் சொல்லுவாள், வயசான காலத்தில் என்ன சிணுங்கல் என்று நான் கிண்டல் வேறு பண்ணியிருக்கிறேன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஏண்டி சொல்லவில்லை, நான் என்ன செத்தா போய்விட்டேன் என்று கத்தினேன். அவளும் கத்தினாள். 'ஊருக்கெல்லாம் கண்ணாடி போடறவரு வீட்லயே பார்வை போச்சுன்னா, அந்தக் கடைப் படியை எவன் மிதிப்பான்? நீங்க வாரா வாரம் என்னை வச்சுத்தானே பெருமையடிக்கறீங்க, எங்க வீட்டம்மா இந்த வயசுலயும் கண்ணாடி இல்லாம ஊசியில நூல் கோக்கறான்னு? அந்த வாயால என்ன சொல்வீங்க?' என்றாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

மறுநாள் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரி மிஷினுக்குள் முகத்தை வைத்து, உள்ளே எங்கேயாவது சின்ன வெளிச்சம் தெரிந்தால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். நான் பக்கத்தில் நின்று எண்ணினேன், வெளிச்சம் வருகிறது, போகிறது, அவள் கட்டைவிரல் அசையவே இல்லை. அவளோ பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாள். வெளியே போய் நின்று அழுதுவிட்டு வந்தேன். கண்ணுக்குள் அழுத்தம் கூடிக் கூடிப் பார்வை நரம்பைத் தின்றிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். இடது கண்ணில் நடுவில் கொஞ்சம்தான் மிச்சம், வலது கண்ணிலும் மூக்கை ஒட்டிய பக்கம் போய்விட்டது, அதனால் இரண்டு கண்ணும் சேர்ந்தாலும் இடப்பக்கம் இல்லை. ஓரத்தில்தான் ஆரம்பிக்குமாம், வலிக்காதாம், எழுத்துப் படிக்கிற நடுப்பகுதி கடைசி வரை நன்றாகவே இருக்குமாம். அதனால்தான் என் பலகை ஒன்றும் சொல்லவில்லை. போனது போனதுதான், திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், தினமும் சொட்டு மருந்து, அதோடு இடது கண்ணுக்குச் சீக்கிரமே ஒரு ஆபரேஷன் என்றார். இன்னும் ஒன்றும் சொன்னார், அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

இதற்கு நடுவில் ஒன்றாம் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. மெயின் ரோட்டு வண்டியெல்லாம் நம் தெருவில் இறங்கும், தடுப்பு கிடையாது, சிக்னல் கிடையாது, வேண்டாம் என்று எழுதி வாங்கி வந்த புண்ணியவான் நான். அம்மாவைத் தெருவில் இறங்காதே என்றால் கேட்கிற ஜென்மமா அவள்? 'என்னைக் கட்டிப் போடுங்களேன்' என்கிறாள். அதிகாரியிடம் ஓடினேன். 'வேண்டாம்னு கொடி பிடிச்சதே நீங்கதானே சார்? இப்ப நீங்களே வந்து வேணும்னா எப்படி? கையெழுத்துப் போட்டவங்க எல்லாரும் சரின்னா பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டார். காரணம் சொல்லலாம் என்றால் அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள், தன் கண்ணைப் பற்றி வெளியே ஒரு வார்த்தை போகக் கூடாது என்று. கேமராப் பொண்ணு மறுபடி கூட்டம் கூட்டியது. நான் எழுந்து, தடுப்பு வரட்டும் என்றேன். ஹாலில் ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. பேக்கரிக்காரர், என்னை அண்ணே அண்ணே என்று சுற்றி வருகிறவர், 'என்னண்ணே, எவன்கிட்ட விலை போனீங்க?' என்று சபையில் கேட்டுவிட்டார். அந்தப் பொண்ணு சாம்பல் உருவப் படங்களைப் போட்டுக் காட்டியது, ஆள் யார் என்று சொல்லவில்லை. எவரோ ஒருத்தர் ரோட்டைப் பார்க்காமல் நடந்தால் அதற்காகத் தெருவையே அடைக்க வேண்டுமா என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். நான் நின்றுகொண்டிருக்கிறேன், சொன்னால் சத்தியம் போச்சு, சொல்லாவிட்டால் அவளே போய்விடுவாள்.

அப்போது என் வலப்பக்கத்து நாற்காலி நகர்ந்தது. அம்மா எழுந்தாள். 'அந்த எவரோ ஒருத்தர் நான்தான்' என்றாள். தனக்கு இடப்பக்கம் கண் தெரியாது, இவருக்கே போன வாரம்தான் தெரியும், இவரை யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று கணக்கு ஒப்பிப்பது மாதிரி சொல்லிவிட்டு, உட்காரத் தெரியாமல் அப்படியே நின்றாள். அப்புறம் பின்னாலிருந்து ஐஸ் வண்டி டிரைவர் பேசினான். 'எங்களுக்குக் கண் விஷயம் தெரியாதும்மா. ஆனா நீங்க பார்க்காமதான் வருவீங்கன்னு தெரியும். புதுசா இந்த ரூட்ல வர்ற பையனுக்கெல்லாம் முதல் நாளே சொல்லிடுவோம், கண்ணாடிக் கடைகிட்ட பிரேக்ல கால் இருக்கட்டும், ஒரு அம்மா கையைக் காட்டிக்கிட்டு வருவாங்கன்னு. பால் வண்டிக்காரன், பள்ளிக்கூட வேன்காரன் எல்லாருக்கும் தெரியும். ஆனா ஒண்ணாந்தேதிலேர்ந்து திருப்பி விடறானே, எங்கேயிருந்தோ வர்ற வண்டி, அவனுக்கு யாரும்மா சொல்றது?' என்றான். அம்மா அவனைத் தேடித் தலையை முழுக்கத் திருப்பினாள், பிறகும் கண்டுபிடிக்க முடியாமல் பொதுவாகக் கும்பிட்டாள். தான் தைரியமாகக் கையைக் காட்டுவதால் வண்டிக்காரர்கள் மரியாதைக்கு நிற்கிறார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாளாம். பேக்கரிக்காரர் எழுந்து வந்து முதல் கையெழுத்தைப் போட்டார், என் முகத்தைப் பார்க்காமல் 'அண்ணி, இனிமே மத்தியானம் நான் கொண்டுபோய்க் குடுக்கறேன் சாப்பாட்டை' என்றார்.

ஒரு சிராய்ப்பு கிடையாது என்று மார் தட்டினேனே, அது எதனால் என்று இப்போது தெரிந்ததா? ஊரில் போகிற ஒவ்வொரு வண்டிக்காரனும் காலைப் பிரேக்கில் வைத்து அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான், நான் ஒருத்தன்தான் ஒன்றும் தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சிவப்பு வட்டம் முழுக்க என் மத்தியானச் சாப்பாடு அம்மாடி. இதற்காக அப்பா மிஷின் கட்சியில் சேர்ந்துவிட்டார் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிச் சிரிக்காதே. அட்டைப் பொம்மையை இன்னமும் அது ஆள் என்றுதான் நினைக்கிறது. ஆனால் பலகையைப் பிடித்துக்கொண்டு வருஷா வருஷம் நான் பார்க்காததை, பெயர்கூடத் தெரியாமல் அது பார்த்தது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இப்போதைய நிலவரம் இது. தடுப்புக்குக் குழி தோண்டுகிறார்கள், தெருமுனைச் சிக்னல் வரும் வரை வண்டிகளைத் திருப்ப மாட்டோம் என்று அதிகாரி எழுத்தில் கொடுத்திருக்கிறார். பேக்கரிக்காரர் சாப்பாடு கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், மத்தியானம் கடையைப் பூட்டிக்கொண்டு நானே வீட்டுக்குப் போகிறேன். முதல் நாள் அந்த நேரத்தில் அந்த ரோட்டில் இறங்கி நின்றபோது மறுபடி படியிலேயே ஏறிக்கொண்டேன், இரண்டு பக்கமும் தெரிகிற நானே. அம்மா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு 'ஏன், கால் நடுங்குதோ?' என்கிறாள். வியாழக்கிழமை அவளுக்கு ஆபரேஷன். பயமில்லை என்கிறாள், ஆனால் தூக்கத்தில் என் சட்டையைப் பிடித்துக்கொள்கிறாள். வியாபாரத்தையும் சொல்லிவிடுகிறேன், கடைப் படியை எவன் மிதிப்பான் என்று பயந்தாளே, கூட்டத்துக்கு மறுநாளிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் பலகை போதுமா, ஓரப்பார்வையும் பார்ப்பீர்களா என்று கேட்கிறார்கள், நான் நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். நீ கூப்பிடும்போது அம்மாவிடம் ஆபரேஷனைப் பற்றி மட்டும் பேசு, அழாதே, அவளைத் திட்டவும் திட்டாதே, அந்த இரண்டையும் நான் செய்து முடித்துவிட்டேன்.

கடைசியில் எழுதுகிறேன் என்றேனே, அது இதுதான். இது பெற்றவளிடமிருந்து பிள்ளைக்கு வரக்கூடிய நோய் என்று டாக்டரம்மா சொன்னார். உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார், ஒரே பொண்ணு, கண்ணெல்லாம் நன்றாகத் தெரியும் என்று வாய்க் கொழுப்பில் நானே பதில் சொன்னேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. போன தடவை நீ வந்திருந்தபோது தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போகையில் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டாய். அம்மாவும் நீயும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள், அப்படியே அம்மாவை உரித்து வைத்திருக்கிறாள் என்று நானும் சிரித்தேன். அன்றிலிருந்து யோசிக்கிறேன், எந்தத் தோள் என்று எனக்கு ஞாபகம் வரவில்லை. சும்மா கால் தடுக்கியும் இருக்கலாம், கவனப்பிசகாகவும் இருக்கலாம், அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் வேண்டாத தெய்வம் இல்லை. ஆனால் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கண் டாக்டரிடம் போ. பலகையைப் படித்துக் காட்டிவிட்டு எல்லாம் சரி என்று திரும்பி வராதே, அந்த வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துப் பார்க்கச் சொல், கண் அழுத்தத்தையும் பார்க்கச் சொல். அது வரை தெருவைக் கடக்கும்போது மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொள், வெட்கப்படாதே. நீங்கள் இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடும் நல்ல பார்வையோடும் இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் தினமும் நினைத்துக்கொள்கிறோம். டாக்டர் சொன்னதை அப்படியே என்னிடம் சொல், அம்மா மாதிரி எனக்காக எதையும் மறைத்துவிடாதே.

உன் போனுக்காகக் கடையிலேயே காத்திருக்கும்,
அப்பா